ஐந்தாம் படி வீடு

அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது உண்மை. அது குளிராது என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளில் அரசாங்கத்துக்கு ஒன்று போதுமாக இருந்தது.

மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்ட பிறகு பழைய இரும்புக் கடையில் வெறும் கூடாகக் கிடந்ததை, முட்டைக்காரி தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். குளிரை வெளியே விடாத சுவர் சூட்டையும் வெளியே விடாது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. உள்ளே இரண்டு குண்டு பல்புகளை மாட்டினாள். செத்துப்போன கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து பிடுங்கிய உள்ளங்கை அகலக் காற்றாடி ஒன்று. ஈரத்துக்கு ஒரு தட்டில் தண்ணீர். மற்றபடி முட்டை, முட்டைக்கு மேல் முட்டை, தட்டுத் தட்டாக.

தெருவில் கோழி இல்லாத வீடு கிடையாது. உட்கார்ந்து அடைகாக்கப் பொறுமையுள்ள கோழிதான் கிடையாது. அதனால் எல்லா வீட்டு முட்டையும் முட்டைக்காரியிடம் வந்தது. யாருடையது என்று தெரிய வேண்டுமே, ஆளுக்கொரு படம். தையல்காரி தன் முட்டையில் பென்சிலால் கத்தரிக்கோல் வரைவாள். சைக்கிள் கடைக்காரன் சக்கரம் போடுவான், அது பெரும்பாலும் பப்படம் மாதிரி இருக்கும். குஞ்சு பொரித்ததும் பாதி அவர்களுக்கு, பாதி இவளுக்கு.

கரண்ட் இருந்தால் இது சொகுசான தொழில். அந்தத் தெருவுக்குக் கரண்ட் காலையில் வந்து முகம் காட்டிவிட்டுப் போகும். மத்தியானம் திரும்ப வரும்போது பல்பு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு எரியும். போன நேரமெல்லாம் முட்டைக்காரி அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து, கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி, துணி சுற்றி, ஃபிரிட்ஜின் அடிப்பக்கம் வெட்டிவைத்திருந்த பூனை நுழையும் அளவு சந்து வழியாக உள்ளே தள்ளுவாள். ஆறியதை இழுத்து, சுட்டதைத் தள்ளி, மறுபடி இழுத்து. அவளுடைய விரல் நுனிகளுக்குச் சூடு உறைப்பது எப்போதோ நின்றுவிட்டது.

பெரிய கதவைக் கடைசி மூன்று நாள் தொடவே கூடாது. திறந்தால் ஈரக்காற்று போய்விடும். ஓட்டுக்குள் இருக்கும் ஜவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். பாதி உடைத்த ஓட்டோடு அது அங்கேயே நிற்கும்.

போன தடவை கதவைத் தொடாமலே எல்லாம் போயிற்று. இரண்டு நாள் கரண்ட் வரவில்லை. பாட்டில் மாற்றி மாற்றி அவள் ஓய்ந்து, சுவரில் சாய்ந்தபடி கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டாள். எழுந்து ஒவ்வொரு முட்டையாக உடைத்துப் பார்த்தபோது உள்ளே எல்லாம் முழுசாக இருந்தன. அலகு, நகம், ஈர இறகு. உயிரை மட்டும் காணோம். கத்தரிக்கோல் படம் போட்ட ஓடுகளைத் தையல்காரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு தையல் மிஷினை வேகமாக மிதித்தாள்.

அதனால் இந்தத் தடவை பொரித்தாக வேண்டும். இல்லையென்றால் தெரு இனி முட்டை தராது. முட்டை இல்லையென்றால் முட்டைக்காரி பழையபடி இறால் ஷெட்டுக்குப் போய், நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு தலை கிள்ள வேண்டும். அந்த ஷெட்டில் அவள் ஆறு வருஷம் நின்றிருக்கிறாள். இன்னமும் மழைக்காலத்தில் விரல் மடங்காது.

இதில் வேடிக்கை, அவள் புருஷன் லைன்மேன். "கரண்ட்டுக்காரன் வீட்லயே கரண்ட் இல்லையா?" என்று தெருவே கேட்டுச் சிரித்துவிட்டது. அவனும் கூடச் சிரிப்பான். ஒப்பந்த வேலையில் இருப்பவனுக்குச் சிரிப்பும் ஒப்பந்தத்தில் சேர்ந்ததுதான்.

கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், முகத்தில் காலையிலிருந்து நடந்த களைப்பு. முட்டைக்காரி கொல்லையில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் மாமனார் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனாலும் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஜன்னல் பக்கம் முழங்கையை வைத்துக்கொள்வார்.

"தாத்தா, ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குமா? டேப்லெட் சாகப் போகுது."

"தாத்தாவா? சரி, இருக்கட்டும். பிளக் பாயிண்ட் இருக்கு. அதுக்குள்ள கரண்ட்தான் இல்ல."

"பரவால்ல, சீக்கிரம் முடிச்சிடுறேன். நீடித்த ஆற்றல் அணுகல் பத்தின அளவீடு இது. வட்டாரம் எவ்வளவு முன்னேறியிருக்குன்னு அளக்குறோம். உங்க வீட்டுக்கு மின்சார அணுகல் இருக்கா?"

"அணுகல்னா?"

"அணுகுறது தாத்தா. பக்கத்துல போறது. போய்ச் சேர்றது."

"கரண்ட் பக்கத்துல போனா செத்துல்ல போவோம்! கம்பத்துக்குக் கம்பம் மண்டை ஓட்டைப் போட்டு 'அணுகாதே'ன்னு எழுதினதும் உங்க ஆளுங்கதானே? இப்ப அணுகினியா அணுகினியான்னு கேக்குறீங்க. எது சரின்னு உள்ளுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பேட்டரி போய்விடும் என்பதுபோல் அடக்கிக்கொண்டாள். "லைன் வந்திருக்குல்ல?"

"லைன் வந்திருக்கு."

"அப்ப இருக்கு." டேப்லெட்டில் ஒரு தட்டு.

"எவ்வளவு நேரம் வருதுன்னு கேக்க மாட்டியா?"

"அந்தக் கேள்வி இருக்கு தாத்தா. ஆனா அதை ஆபீஸ்லயே நிரப்பிடுவாங்க. ஃபேன்?"

"இருக்கு."

"டிவி?"

"இருக்கு. அதுக்கு மேல துணி மடிச்சு வச்சிருக்கோம்."

"ஃபிரிட்ஜ்?"

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்கப் பலருடைய ஃபிரிட்ஜைப் பஸ் கூரையில் ஏற்றி இறக்கியவர். தன் வீட்டில் ஒன்று வரும் என்று நினைத்தவரில்லை. கடைசி நிறுத்தத்தின் பெயரைக் கூவுகிற குரலில் சொன்னார்:

"இருக்கு! டபுள் டோர்!"

கொல்லையிலிருந்து முட்டைக்காரி கத்தினாள். "ஐயோ மாமா! ஏம்மா, அது ஃபிரிட்ஜ் கணக்குல வராதும்மா! அதுல நான் முட்டை வச்சிருக்கேன்!"

"முட்டை வைக்கத்தானேக்கா ஃபிரிட்ஜ்" என்றாள் கணக்குப் பெண். தட்டினாள். "எங்க வீட்லயும் முட்டைதான் வைப்போம்."

அந்தத் தெருவில் 'முட்டை வச்சிருக்கேன்' என்றால் அடைக்கு வைத்திருக்கிறேன் என்றுதான் பொருள். 'அடை' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லும் தேவை முட்டைக்காரிக்கு இதுவரை வந்ததில்லை. இரண்டு கையிலும் கொதிக்கிற பாட்டிலோடு அவள் வாசலுக்கு ஓடி வந்தபோது டேப்லெட் கறுத்திருந்தது. பெண் தெருமுனையில் இருந்தாள்.

மாமனார் மெதுவாகக் கேட்டார். "நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனாம்மா?"

"டபுள் டோரை யாரு மாமா கேட்டா?"

தெருமுனையில் இருந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு வயசாகிவிட்டது. எண்ணெய் கசிந்து, அடியில் மண் கறுத்து, இரும்பே இருமுவதுபோல் உறுமிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாகப் புதுசு ஒன்று லாரியில் வந்து, செங்கல் மேல் இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. தெருக்காரர்கள் போகும்போதும் வரும்போதும் தார்ப்பாயை ஒருமுறை தட்டிவிட்டுப் போவார்கள். தையல்காரி அதன் நம்பிக்கையில் மோட்டார் வைத்த மிஷினுக்குச் சொல்லிவைத்திருந்தாள்.

மழை முடிந்த வாரம் அதே லாரி திரும்ப வந்தது, இந்தத் தடவை கிரேனோடு. புதுசை மாட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். சங்கிலியைக் கொக்கியில் மாட்டச் சொன்னது முட்டைக்காரியின் புருஷனை. அவன் மாட்டினான். புது டிரான்ஸ்ஃபார்மர் எழும்பி, தெருவுக்கு மேல் ஒரு நிமிஷம் ஆடி, லாரியில் உட்கார்ந்து, போய்விட்டது. தார்ப்பாயை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டில் அன்று ரொட்டியும் முட்டையும். டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கரு இல்லையென்று ஒதுக்கிய முட்டைகள். "பரீட்சையில தோத்தவனைத்தான் நம்ம வீட்ல பொரிக்கிறோம்" என்பார் மாமனார் வழக்கமாக. அன்று சொல்லவில்லை. லைன்மேன் தட்டைத் தள்ளிவைத்தான்.

"எங்கதான் கொண்டுபோனாங்க?" என்றாள் முட்டைக்காரி.

"தேவைப்படுற தெருவுக்கு."

"நமக்குத் தேவையில்லையா?"

"நம்ம தெரு ஐந்தாம் படியாம்."

"என்ன படி?"

"அளவீடுன்னு எடுத்தாங்கல்ல? கரண்ட்டே இல்லாதவன் தரையில. ஒரு பல்பும் செல் சார்ஜும் இருந்தா ஒண்ணாம் படி. ஃபேன், டிவின்னு ஏறிக்கிட்டே போகும். ஃபிரிட்ஜ் இருக்கிறவன் உச்சியில. அஞ்சு."

"ஒரு வீட்டைப் பாத்து எப்படித் தெருவையே ஏத்துவாங்க?"

"தெருவுக்கு ஒரு வீடுதான் அளந்தாங்க. மாதிரி வீடு. நம்ம தெருவுக்கு நம்ம வீடு." அவன் அப்பாவைப் பார்க்காமல் சொன்னான். "நாம ஏறினதுல தெருவே ஏறிடுச்சு. நம்ம தெரு ஏறினதுல வட்டாரம் முழுமை ஆயிடுச்சாம். நூத்துக்கு நூறு. விழா எடுக்கப் போறாங்க."

மாமனார் ஒரு துண்டு ரொட்டியை நெடுநேரம் மென்றார். பிறகு, "சிங்கிள் டோர்னு சொல்லியிருந்தா நாலாம் படியோட நின்னிருக்குமோ?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை.

சேதி தெருவுக்குத் தெரிய வெகுநேரம் ஆகவில்லை. மறுநாள் குழாயடியில் தையல்காரி குடத்தை வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"டபுள் டோர்க்காரம்மா, உங்க ஃபிரிட்ஜ்ல இடம் இருக்கா? எங்க டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ள வச்சிருக்கீங்களோன்னு கேட்டேன்."

"அக்கா, அது ஃபிரிட்ஜே இல்லன்னு உனக்குத் தெரியாதா? உன் முட்டையும்தானே அதுக்குள்ள இருக்கு?"

"எனக்குத் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியலையே. போய்ச் சொல்லு. உங்க வீட்டு வாயாலதானே ஏறுச்சு, உன் வாயாலயே இறக்கு."

போனாள். அளவீட்டு ஆபீஸ் ஊருக்கு நடுவில் புதுக்கட்டடத்தில் இருந்தது. பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தன. கதவைத் திறந்ததும் இறால் ஷெட் ஞாபகம் வரும்படி குளிர் முகத்தில் அடித்தது. வாசலுக்கு எதிரே சுவர் உயரத்துக்கு ஒரு பலகை. அதில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் மாதிரி படம், உள்ளே சிவப்பு விளக்கு வரிசை. அடியிலிருந்து நுனிவரை எரிந்தது. வட்டாரத்துக்கு நல்ல காய்ச்சல்.

அதிகாரி கோபக்காரர் இல்லை. அதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. நாற்காலி போடச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"ஆக, உங்க ஃபிரிட்ஜ் ஓடாது."

"ஓடாது சார்."

"ஆனா இருக்கு."

"இருக்கு சார், ஆனா…"

"கேள்வி ஓடுதாங்கிறது இல்லம்மா. இருக்காங்கிறதுதான். 'ஓடுதா'ன்னு கேட்டா ஒரு வட்டாரமும் உருப்படாது."

"அப்ப தப்பா ஏறிடுச்சுன்னு எழுதி எங்களை இறக்கிடுங்க சார். எங்க டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

அவர் கணினியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். உண்மையிலேயே வருத்தப்படுகிறவர் மாதிரி இருந்தார். "இங்க பாருங்க. ஏத்துற பட்டன் இது. இறக்குற பட்டன்னு ஒண்ணு வைக்கவே இல்ல. முன்னேற்றத்தை அளக்கத்தானே செஞ்சாங்க? பின்னால போறதுக்கு யாரு பட்டன் வைப்பா?"

"போன தடவை அத்தனை குஞ்சும் செத்துப் போச்சு சார்."

"கோழி வேற துறைம்மா." தேநீரைக் காட்டினார், குடியுங்கள் என்று. "ஒரு நல்ல சேதி சொல்றேன். விழாவுல உங்க குடும்பத்துக்குக் கேடயம். முன்மாதிரி வீடு. நீங்க மேடைக்கு வந்து நன்றின்னு ஒரு வார்த்தை பேசணும். உங்க வீட்டுக்காரர் நம்ம லைன்மேன்தானே? நிரந்தரம் பண்ற ஃபைல் என் மேசையிலதான் இருக்கு. நல்ல மனுஷன்."

அவள் தேநீரைக் குடிக்கவில்லை. வெளியே வந்து வெயிலில் நின்ற பிறகுதான் விரல்கள் மடங்கின.

வீட்டில் சண்டை. பல வருஷத்துச் சண்டையெல்லாம் சேர்ந்து வந்த சண்டை.

"ஒரு வார்த்தை. நன்றின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்றதுல உனக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"எதுக்கு நன்றி? கொண்டுவந்ததைக் கொண்டுபோனதுக்கா?"

"எனக்காக. மழையில கம்பத்துல ஏறுறேன், விழுந்தா ஆஸ்பத்திரி செலவு நம்மது. நிரந்தரமானா ஆபீஸ்து. அதுக்காகச் சொல்லு."

"விழா எந்த நாள்?"

அவன் சொன்னான்.

"அன்னைக்குத்தான் குஞ்சு வெளிய வர்ற நாள். நான் ஃபிரிட்ஜை விட்டு நகர மாட்டேன்."

"அப்பா பாத்துக்கட்டும்."

"உங்க அப்பா பாத்துக்கிட்டதுலதான் இப்ப நாம ஐந்தாம் படியில நிக்கிறோம்."

உள்ளறையிலிருந்து மாமனார் இருமினார், இருக்கிறேன் என்று சொல்ல.

"ஊர்ல எல்லாரும் எப்படி மேல போறதுன்னு பாக்குறான். நீ ஒருத்திதான் இறக்கிவிடு இறக்கிவிடுன்னு போய் நிக்கிற. அதிகாரி என்ன நினைப்பாரு?"

"நினைக்கட்டும். சங்கிலியை மாட்டினப்ப தெரு என்ன நினைச்சுதுன்னு நீங்க நினைச்சீங்களா?"

அவன் கையை ஓங்கவில்லை. அந்தப் பழக்கம் அவனுக்குக் கிடையாது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியபடி சாப்பிட்டார்கள்.

விழா நாள் காலையில் அவன் முதலிலேயே கிளம்பிவிட்டான். ஆபீஸ் முழுக்கச் சீரியல் விளக்கு கட்ட வேண்டுமாம். முட்டைக்காரி ஃபிரிட்ஜ் கதவில் காதை வைத்தாள். உள்ளே கேட்டது. முதலில் ஒரு நகம் சுவரைச் சுரண்டுவதுபோல், பிறகு இன்னொன்று, பிறகு இங்கும் அங்குமாக. ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல். அவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. லாரி டயர் வெடித்தது போல. அதற்குப் பிறகு உறுமல் இல்லை. அந்த உறுமலைக் கேட்டுக்கேட்டுப் பழகிய தெரு, அது நின்றதும் ஒரு நொடி காது கேளாத தெரு மாதிரி இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கறுப்பாகப் புகை வந்தது. எரிந்த எண்ணெய் சுவரெல்லாம் தெறித்திருந்தது.

அடுப்பைப் பற்றவைத்தாள். முதல் சுற்று பாட்டில் உள்ளே போயிற்று. இரண்டாவது சுற்றுக்குத் தண்ணீர் கொதிக்கும்போதே நெருப்பு நீலமாகச் சுருங்கி, ஒரு துள்ளு துள்ளி, அணைந்தது. சிலிண்டரை ஆட்டிப் பார்த்தாள். காலி.

தையல்காரி வாசலில் வந்து நின்றாள். சண்டை போடத்தான் வந்திருந்தாள். ஆனால் முகத்தில் பயம் இருந்தது.

"என் கத்தரிக்கோல் முட்டையெல்லாம்?"

"உள்ள பேசிக்கிட்டிருக்கு. வந்து கேளு."

தையல்காரி கதவில் காதை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. அவள் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

"ஐயோ, இத்தனை பேரா? சூடு எவ்வளவு நேரம் நிக்கும்?"

"பாட்டில் ஆறுற வரைக்கும்."

தையல்காரி தன் வீட்டு அடுப்பை நோக்கி ஓடினாள். முட்டைக்காரி புருஷனுக்குப் போன் போட்டாள்.

"டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சு."

"தெரியும். இங்க சேதி வந்திடுச்சு." பின்னால் மைக்கில் யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப சரியாகும்?"

"அதைச் சரி பண்ண முடியாது. புதுசுதான் வைக்கணும்."

"புதுசு எங்க?"

போனில் மைக் ஒன்று, இரண்டு என்றது.

"சரி, அங்க கரண்ட் இருக்கா?"

"இங்கயா? இங்க எப்பவுமே இருக்கும். பத்தாததுக்கு ஜெனரேட்டர் வேற நிக்குது. ஏன்?"

அவள் போனை வைத்தாள். மாமனாரிடம் திரும்பினாள்.

"மாமா, அணுகல்னா அந்தப் பொண்ணு என்ன அர்த்தம் சொன்னா?"

"பக்கத்துல போறதுன்னா." அவர் யோசித்தார். "போய்ச் சேர்றதுன்னும் சொன்னா."

"வண்டியைக் கொண்டாங்க."

இரும்புக் கடைத் தள்ளுவண்டி, முதலில் அந்த ஃபிரிட்ஜைக் கொண்டுவந்த அதே வண்டி. படுக்க வைக்கக் கூடாது, நின்றபடியே போக வேண்டும். சைக்கிள் கடைக்காரன் பழைய டியூபால் கட்டினான். தையல்காரியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் அடுப்பில் இருந்த கடைசிக் கொதிநீரைப் பாட்டிலில் ஊற்றி உள்ளே தள்ளி, தைப்பதற்கு வைத்திருந்த வாடிக்கையாளர் துணிகளாலேயே ஃபிரிட்ஜைச் சுற்றினார்கள். யாருடைய கல்யாணச் சட்டையோ கதவுக்கு மேல் கையை விரித்துக்கொண்டிருந்தது.

மாமனார் முன்னால் நடந்தார். "இடது பக்கம் ஒடி! பள்ளம், பள்ளம்! மெதுவா, உள்ள பிரசவம் நடக்குது!" எதிரே வந்த வண்டிகளைக் கையைக் காட்டி நிறுத்தினார். முட்டைக்காரி ஒரு கையால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டே நடந்தாள். குலுக்கலில் ஒரு தரம் கதவு விரல் அகலம் திறந்துகொண்டது. உள்ளேயிருந்து ஈரச்சூடு அவள் கழுத்தில் பட்டது. தோளைக் கொடுத்து மூடினாள். அதற்குப் பிறகு ஆபீஸ்வரை தோளை எடுக்கவில்லை.

அளவீட்டு ஆபீஸ் மண்டபத்தில் பெரிய மனிதர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். "இருட்டு என்ற சொல்லே இனி இந்த வட்டாரத்தில்…" என்னும் இடத்துக்கு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் சிவப்பு தெர்மாமீட்டர் நுனிவரை எரிந்தது. பக்கவாட்டுக் கதவு இரண்டும் திறந்து, கல்யாணச் சட்டை போட்ட ஒரு ஃபிரிட்ஜ் உள்ளே வந்தது. பின்னாலேயே ஒரு தெரு வந்தது.

அதிகாரி ஓடி வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "என்னம்மா இது?"

"ஃபிரிட்ஜ் சார். முன்மாதிரி வீட்டு ஃபிரிட்ஜ். மேடைக்கு வரச் சொன்னீங்களே."

"உங்களைத்தான் வரச் சொன்னேன்."

"படி ஏறினது நான் இல்லையே சார், இதுதானே ஏறுச்சு? கேடயத்தை இதுக்கே கொடுங்க. பிளக் எங்க இருக்கு?"

"அம்மா, விழா நடக்குது. வெளிய கொண்டுபோங்க, பிறகு பேசலாம்." அவர் திரும்பினார். ஏணியடியில் பிளாஸ்டிக் டேப்பும் கையுமாக லைன்மேன் நின்றுகொண்டிருந்தான். "யோவ், உன் சம்சாரத்தை வெளிய கூட்டிட்டுப் போய்யா. உன் ஃபைல் ஞாபகம் இருக்குல்ல?"

லைன்மேன் மனைவியைப் பார்த்தான். அவள் தோளை இன்னமும் கதவிலிருந்து எடுக்கவில்லை. முகத்தில் வியர்வையும் கரியும். உள்ளேயிருந்து ஒரு கீச். மண்டபத்தின் நிசப்தத்தில் எல்லாருக்கும் கேட்டது.

"ஞாபகம் இருக்கு சார்" என்றான்.

சுவரோரம் நடந்தான். ஒரு பிளக்கைப் பிடித்து உருவினான். தெர்மாமீட்டர் நுனியிலிருந்து அடிவரை அணைந்தது. ஃபிரிட்ஜின் ஒயரை இழுத்து அதே துளையில் செருகினான். அடிச் சந்து வழியாக மஞ்சள் வெளிச்சம் ஒரு கோடாகத் தரையில் விழுந்தது. காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. அந்தப் பல்புகள் தொங்காமல், துடிக்காமல் எரிந்து முட்டைக்காரி அன்றுதான் பார்த்தாள். இவ்வளவு வெளிச்சம் அதுக்குள்ளேயே இருந்திருக்கிறது என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் கூடவே வந்தது. அதை மட்டும் விழுங்கிவிட்டாள்.

மேடையில் இருந்தவர் மைக்கை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். கணக்குப் பெண் ஓரமாகக் கேடயத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்து, சந்து வழியாக உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா" என்றாள். "முட்டை வச்சிருக்கேன்னு சொன்னீங்களே, இதைத்தானா?"

"இதைத்தான்."

கணக்குப் பெண் நிமிர்ந்து போய்த் தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

தெருக்காரர்கள் முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மாமனார் பெரிய மனிதருக்காகப் போட்டிருந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் இல்லாத பக்கம் முழங்கையை வைத்துக்கொண்டார். அதிகாரி மட்டும் நின்றார். இறக்குற பட்டன் இல்லாத மனிதர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார்.

"சரிம்மா" என்றார் கடைசியாக. "குஞ்சு வந்துடட்டும். அதுக்கப்புறம் எப்ப எடுத்துட்டுப் போவீங்க?"

"எங்க கொண்டுபோறது? தெருவுலதான் டிரான்ஸ்ஃபார்மர் இல்லையே."

"அதுக்காக இங்கயேவா? எவ்வளவு நாளைக்கு?"

முட்டைக்காரி தோளை எடுத்தாள். கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, மண்டபத்துப் பளபளப்புத் தரையில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளைக்குங்கிறது உங்க கேள்வியிலேயே கிடையாது சார். இருக்கான்னுதானே கேப்பீங்க?" என்றாள். "இருக்கு. எழுதிக்குங்க."